24101983 பகா எண்ணா?

3 ஆகஸ்ட் 1983, புதன்

ஆடிப்பெருக்கு. காலையில் பூஜை போட்டு 1984-ஆம் ஆண்டுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை அப்பா வெளியிட்டார். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற எல்லோருக்கும் இதுதான் நாள். பதினோரு மணிக்குள் மதுரை, திருச்சி ஏஜெண்டுகள் வந்துவிட்டார்கள். கேசரி, வடை, காபி. இந்த ஆண்டும் முதல் ஆர்டர் முருகன் படத்துக்குத்தான்.

தினசரித் தாள்களுக்குப் புரூஃப் பார்ப்பது என் வேலை. கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்து வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். தேதி, திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் சரி என்றால் மூலையில் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் மிஷின்மேன் முத்தையா எந்தத் தாளையும் ஓட்டமாட்டார். அப்பாவே சொன்னாலும் ஓட்டமாட்டார். அது அப்பா போட்ட விதி.

1984 லீப் ஆண்டு. கம்போசிங்கில் பிப்ரவரி 29-ஐ விட்டிருந்தார்கள். திருப்பி அனுப்பினேன்.

மாலையில் விருதுநகரிலிருந்து டெலிபோன். போன வாரம் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களுக்குச் சம்மதமாம். அம்மா மிச்சமிருந்த கேசரியை எல்லோருக்கும் இன்னொரு தடவை கொடுத்தாள்.

5 ஆகஸ்ட், வெள்ளி

ஜோசியர் வந்தார். இரண்டு ஜாதகத்துக்கும் பொருந்துகிற நாள் இந்த ஆண்டில் ஒன்றே ஒன்றுதான், ஐப்பசி 7, அக்டோபர் 24, திங்கட்கிழமை என்றார். தேய்பிறை, ஆனாலும் நல்ல நாள். அதை விட்டால் தை மாதம்.

அப்பா என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, இந்தத் தேதியை நம்ம முறையில பாத்துச் சொல்லு."

நம்ம முறை என்பது இது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணுக்குப் பகா எண் என்று பெயர் என்று அப்பாவிடம் சொன்னேன். "அப்ப யாராலயும் உடைக்க முடியாதா?" என்று கேட்டார். முடியாது என்றேன். அன்றிலிருந்து பிடித்துக்கொண்டார். ஆண்டுக்கு நாலு லட்சம் வீட்டுக்கு ராகு காலம் அச்சடித்துக் கொடுப்பவர், தன் வீட்டுக்கு அதற்கு மேல் இன்னொரு பூட்டும் போட்டுக்கொள்கிறார். எங்கள் கார் 4817. பகா எண். லாரி 2579. அதுவும் பகா எண். ஒரு ஸ்கூட்டருக்கு 1001 வந்தபோது ஊரே மொய் எண் என்று பாராட்டியது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று மூன்றாலும் வகுபடும் என்று நான் சொன்னதும் மறுவாரமே விற்றுவிட்டார்.

தேதியை எட்டு இலக்கமாக எழுதினால் 24101983. இது பகா எண் என்று தெரிந்த பிறகுதான் பத்திரிகை அடிப்பது என்றார் அப்பா. அம்மாவுக்குக் கோபம். "ஜோசியரே சொல்லிட்டாரு. இவ என்ன ஜோசியருக்கு மேலயா?"

"இவ கணக்கு," என்றார் அப்பா.

6 ஆகஸ்ட், சனி

தொடங்கினேன். ஒற்றைப்படை, அதனால் 2 இல்லை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 28, அதனால் 3 இல்லை. 5 இல்லை. 7: மீதி 3. 11: மீதி 4. 13: மீதி 9. 17: மீதி 12.

இதன் வர்க்கமூலம் 4909-ம் சொச்சமும். அதுவரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். எதுவும் மீதியில்லாமல் வகுக்கவில்லை என்றால் பகா எண். வகுக்க வேண்டிய எண்கள் அறுநூற்றுக்கு மேல் இருக்கும்.

கையால் செய்வதாக இருக்கிறேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை.

9 ஆகஸ்ட், செவ்வாய்

37: மீதி 35. இன்னும் இரண்டு இருந்தால் வகுபட்டிருக்கும். 47 வரை முடிந்தது.

எம்.எஸ்ஸி.யில் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியை மதுரையிலிருந்து டிரங்க் கால் போட்டார். சென்னையில் கணித ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் எனக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கிற இடத்துக்குச் சம்மதக் கடிதம் செப்டம்பர் இருபதுக்குள் போய்ச் சேர வேண்டும். அக்டோபர் 31-ல் சேர வேண்டும். ஐந்தாண்டு. "என்ன முடிவு பண்ணிருக்கே?" என்றார். வீட்டில் ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, முடிந்ததும் எழுதுகிறேன் என்றேன்.

அப்பா பக்கத்தில்தான் இருந்தார். இடம் கிடைத்தது அவருக்குத் தெரியும். ஏஜெண்டுகளிடமெல்லாம் பெருமையாகச் சொன்னவர்தான். "கல்யாணத்துக்கு அப்புறம் அவுக இஷ்டம்மா," என்றார்.

12 ஆகஸ்ட், வெள்ளி

ஆபீஸில் கணக்குப்பிள்ளை ஐயாத்துரை தன் கால்குலேட்டரைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"எட்டு இலக்கம் தெரியும் பாப்பா. ஒரே நாள்ல முடிச்சுரலாம்."

"சீசன் நேரம். உங்களுக்கு வேணும் அண்ணாச்சி."

"மத்தியானம் சாப்பிடுற நேரத்துல எனக்கு எதுக்கு?"

"கையால செஞ்சாத்தான் தப்பு தெரியும்."

கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். 89 வரை.

15 ஆகஸ்ட், திங்கள்

பிரஸ் விடுமுறை. விருதுநகர்க்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை சௌந்தர், அவர் அம்மா ராஜாத்தி அத்தை. அப்பா இல்லாத வீடு. பருப்பு மண்டியை அம்மாவும் பிள்ளையுமாக நடத்துகிறார்கள்.

ஹாலில் பேச்சு நடக்கும்போது சென்னை பற்றி அப்பாவே எடுத்தார். அத்தை சிரித்துக்கொண்டே சொன்னார்: "மெட்ராஸெல்லாம் சரிப்படுமா அண்ணே? மண்டிக்கு மேலதான் வீடு. கணக்குப் பாக்க ஆள் இல்லாமத்தான் எம்.எஸ்ஸி. படிச்ச பொண்ணாப் பாத்தது." அப்பாவும் சிரித்தார்.

எங்கள் இரண்டு பேரையும் பேசச் சொல்லி மாடிக்கு அனுப்பினார்கள்.

"ஒரு நம்பரை வகுத்துக்கிட்டே இருக்கீங்களாமே, எது வரைக்கும் வந்திருக்கு?" என்றார் சௌந்தர்.

"131."

"எது வரைக்கும் போகணும்?"

"4909."

"அம்மாடி! மண்டியில ஒரு மூட்டையில எத்தனை பருப்புன்னு எண்ணச் சொன்னாக்கூட அதுக்குள்ள எண்ணிருவேன்." அப்புறம், "உடையுமா, உடையாதா? உங்களுக்கு என்ன தோணுது?" என்றார்.

தோன்றுவதை வைத்துச் சொல்ல முடியாது என்றேன். சென்னைக்குப் போகலாமா என்று ஒரு தடவை கேட்டேன். அம்மாவிடம்தான் கேட்க வேண்டும் என்றார். நல்ல மனிதர். போகும்போது காபி டம்ளரைக் கீழே தானே எடுத்துக்கொண்டு போனார்.

17 ஆகஸ்ட், புதன்

மார்ச் மாதத் தாள்கள் முடிந்தன. இரண்டு இடத்தில் எமகண்டம் மாறியிருந்தது. 167 வரை.

21 ஆகஸ்ட், ஞாயிறு

241-ல் கொஞ்சம் நின்றேன். 241-ஐ ஒரு லட்சத்தால் பெருக்கினால் 2,41,00,000. நம் எண்ணிலிருந்து அதைக் கழித்தால் மீதம் 1983. ஆண்டு அப்படியே வெளியே வந்து நிற்கிறது. 1983-ஐ 241 வகுத்தால் போதும். எட்டு தடவை போய் 55 மிஞ்சுகிறது.

மறுபடி செய்தேன். 55.

24 ஆகஸ்ட், புதன்

தை மாதத் தேதிகளையும் பார்த்துவைத்தேன். பார்க்க ஒன்றுமில்லை. 1984-ல் எந்தத் தேதியை எழுதினாலும் 4-ல் முடியும். எல்லாம் இரட்டை. 1985 முழுக்க 5-ல் முடியும். 1986 மறுபடி இரட்டை. இந்த ஆண்டை விட்டால் 1987 வரை ஒரு தேதியும் பகா எண்ணாக முடியாது.

அப்பா இதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

26 ஆகஸ்ட், வெள்ளி

419 வரை. எதுவும் இல்லை.

401-ஆல் வகுபடுகிறது என்று நான் சொன்னால் இந்த வீட்டில் யாரும் வகுத்துப் பார்க்கமாட்டார்கள். அப்பா எந்த எண்ணையும் ஒரு நாளும் சரிபார்த்ததில்லை. நான் சொன்னால் சரி.

401-ஆல் வகுபடாது.

28 ஆகஸ்ட், ஞாயிறு

அம்மா பட்டுச்சேலை எடுக்கப் போகலாம் என்றாள். தேதி முடிவாகட்டும் என்றேன். "மாசக் கணக்கா ஒரு தேதியை அரைச்சுக்கிட்டு இருக்கா. இட்லி மாவா இது, அரைச்சா பதத்துக்கு வர?" என்று சமையலறையிலிருந்தே சத்தம் போட்டாள்.

அப்பா என் பக்கம்தான் பேசினார். "அவசரப்படுத்தாத. ஒரு எண் விட்டுப்போனா எல்லாம் போச்சு."

எனக்காக அவர் பேசியது இன்றைக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

31 ஆகஸ்ட், புதன்

653 வரை. 499-ல் மீதி 283. 503-ல் 235. இப்போதெல்லாம் மீதியைப் பார்த்ததும் அடுத்ததற்குப் போய்விடுகிறேன். முன்பு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உட்கார்ந்திருப்பேன்.

ஜூலைத் தாள்கள் முடிந்தன.

4 செப்டம்பர், ஞாயிறு

991: மீதி 863. 997: மீதி 505. மூன்று இலக்கப் பகா எண்கள் முடிந்தன. இதுவரை எதனாலும் வகுபடவில்லை. மிச்சம் எல்லாம் நான்கு இலக்கம்.

சாப்பிடும்போது அப்பா, எப்போது முடியும் என்று கேட்டார். இதே வேகத்தில் போனால் நவம்பர் கடைசி ஆகும் என்றேன். ஐயாத்துரை அண்ணாச்சியும் சாப்பிட வந்திருந்தார். "அப்ப கல்யாணம் முடிஞ்சு, பாப்பாவுக்கு வளைகாப்பு அன்னைக்கு விடை வந்துரும் முதலாளி," என்றார். அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

அப்பா சிரிக்கவில்லை. பத்திரிகையை இந்த மாதம் பத்து, பன்னிரண்டுக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். இவ்வளவு தூரம் வகுபடாத எண் இனிமேலா வகுபடப்போகிறது என்றார். அப்படிச் சொல்ல முடியாது என்றேன். இதை மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவு சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

5 செப்டம்பர், திங்கள்

மண்டி லாரியில் ஒரு பொட்டலம் வந்தது. சௌந்தர் அனுப்பியது. ஜப்பான் கால்குலேட்டர், பர்மா பஜாரில் வாங்கியதாம். வெயில் பட்டாலே ஓடும், பேட்டரி வேண்டாம். கூட ஒரு சீட்டு: "உங்கள் கை வலிக்குமே என்று."

அப்பா அதை ஆபீஸ் முழுக்கக் காட்டினார். பிறகு என் மேஜையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள முடிஞ்சுருமில்ல?"

முடிந்துவிடும் என்றேன்.

6 செப்டம்பர், செவ்வாய்

காலை உணவுக்குப் பிறகு ஜன்னல் பக்கமாக உட்கார்ந்தேன். அடுத்த பகா எண் 1009. 24101983-ஐ அதனால் வகுத்தேன். 23887 என்று வந்தது. புள்ளிக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

இயந்திரத்தில் தப்பு இருக்கலாம் என்று கையால் செய்தேன். 1009-ஐ 23000-ஆல் பெருக்கினால் 2,32,07,000. மிச்சம் 8,94,983. அதில் 1009 சரியாக 887 தடவை போகிறது. மீதி இல்லை. இன்னொரு தடவை செய்தேன். மீதி இல்லை.

24101983 = 1009 × 23887.

23887-ஐத் தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை. அது உடைவதானால் அதன் ஒரு காரணியாவது 155-க்குக் கீழே இருக்க வேண்டும். அவை எல்லாவற்றையும் ஆகஸ்டிலேயே பார்த்தாயிற்று. எனவே இரண்டும் பகா எண்கள். 24101983 பகா எண் இல்லை. பகு எண்.

மத்தியானம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். "என்னடி இன்னைக்கு?" என்றாள் அம்மா. ரசம் நன்றாக இருந்தது என்றேன்.

7 செப்டம்பர், புதன்

அப்பாவிடம் காலையில் சொன்னேன். எழுதிய தாளையும் கொடுத்தேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"நிச்சயமா?"

"நிச்சயம்பா."

"இவ்வளவு தூரம் வந்து இப்படிக் கவுத்துருச்சே." கொஞ்ச நேரம் விரலால் மேஜையைத் தட்டினார். "சரி, தை மாசத்துல பாப்போம். ஜோசியர் ஒரு நாள் சொன்னாரே."

"84 முழுக்க நாலுல முடியும்பா. எல்லாம் இரட்டை."

"85?"

"அஞ்சுல முடியும்."

"86-ம் இரட்டை," என்று அவரே சொன்னார். "அப்ப?"

"87."

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "ஏம்மா, மூணு வருஷத்துல ஆயிரத்துச் சொச்சம் நாள் இருக்கு. ஊருக்கெல்லாம் நான் முகூர்த்தநாள் போட்டு அச்சடிச்சு விக்கிறேன். என் மகளுக்கு அதுல ஒரு நாள் கிடையாதா?"

"எண் அப்படித்தான்பா இருக்கு."

"நாலு வருஷம் அவுக காத்திருப்பாகளா?"

காத்திருக்கச் சொல்ல முடியாதுதான் என்றேன். அப்பா உள்ளே போய் விருதுநகருக்கு டெலிபோன் போட்டார். அவர் பேசியது முழுதும் கேட்கவில்லை. 'உடைஞ்சுருச்சு' என்ற சொல் மட்டும் இரண்டு தடவை காதில் விழுந்தது.

ஆகஸ்ட், செப்டம்பர் 1984 தாள்கள் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

8 செப்டம்பர், வியாழன்

ராஜாத்தி அத்தை காரை எடுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டார். சௌந்தரும் கூட. சமாதானமாகப் பேசிச் சம்பந்தத்தை முறித்துக்கொள்ள வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். பூவும் பழமும் கொண்டுவந்திருந்தார்கள். நிறுத்திக்கொள்ள வருபவர்கள் பழம் வாங்கி வரமாட்டார்கள் என்பது அப்போது தோன்றவில்லை.

அத்தை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "கண்ணு, எனக்குப் படிப்பு கிடையாது. புரியுற மாதிரி சொல்லு. அந்த நம்பரை எத்தனை நம்பர் வகுக்குது?"

"ரெண்டு அத்தை."

"ரெண்டே ரெண்டா? வேற எதுவும் உள்ள நுழையாதா?"

"ஒண்ணும் அந்த எண்ணும் எப்பவும் உண்டு. அதை விட்டா ரெண்டுதான்."

"சரி, அந்த ரெண்டையும் வகுக்க முடியுமா?"

"முடியாது. ரெண்டும் பகா எண்."

அத்தை அப்பா பக்கம் திரும்பினார். "அண்ணே, இதை வச்சுக்கிட்டா போன்ல அழுதீக? ரெண்டு பேரு. ரெண்டு பேருமே உடையாதவுக. ரெண்டு பேரும் சேந்தாத்தான் அந்த நாளு. நடுவுல மூணாவது ஆளுக்கு வேலையே இல்ல. நீங்க தேடுன நம்பரு ஒத்தையா நிக்கிற நம்பரு. ஒத்தையா நிக்கிறதுக்கு எதுக்கு அண்ணே கல்யாணம்?"

அப்பா தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "தங்கச்சி! பாப்பா எம்.எஸ்ஸி. படிச்சா. கணக்கு நீ போட்டுட்ட!"

அம்மா ஓடிப்போய்க் காபி போட்டாள். சௌந்தர், "1009 பொண்ணு, 23887 மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு எடை கொஞ்சம் ஜாஸ்தி," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஐயாத்துரை அண்ணாச்சிக்கும் இதைச் சொல்ல அப்பா ஆபீஸுக்கே போய்விட்டார்.

அத்தை சொன்னதில் கணக்குத் தப்பு ஒன்றும் இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டேன்.

9 செப்டம்பர், வெள்ளி

இந்த வகை எண்ணுக்குப் பெயர் உண்டா என்று அப்பா கேட்டார். இரண்டு பகா எண்களின் பெருக்கல், அரைப் பகா எண் என்பார்கள் என்றேன். 'அரை' பிடிக்கவில்லை. வேறு பெயர் கேட்டார். தன்னைத் தவிர மற்றக் காரணிகளின் கூட்டுத்தொகை எண்ணைவிடக் குறைவாக இருப்பதால் இது குறை எண் வகையிலும் சேரும் என்றேன். "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம் தாயி," என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மிகச் சந்தோஷமாக இருக்கிறார். 1987 என்று சொன்னபோது முகத்துக்குப் பத்து வயது கூடிப்போயிருந்தது. இப்போது அது இல்லை.

11 செப்டம்பர், ஞாயிறு

கல்யாணப் பத்திரிகையின் புரூஃப் என் மேஜைக்கு வந்தது. வாசகம் அப்பாவே எழுதியது. மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. திருத்தினேன். 'நிகழும் ருத்ரோத்காரி ஆண்டு ஐப்பசி மாதம் 7ஆம் நாள்' சரி. திங்கட்கிழமை சரி. என் பெயர், தமயந்தி, சரி. என் படிப்பு சரி. மண்டபத்தின் பெயர் சரி.

முத்தையா இரண்டு தடவை வந்து எட்டிப்பார்த்தார். இரண்டாம் தடவை, "தங்க மை கலந்து வச்சிருக்கேன் பாப்பா. ரொம்ப நேரம் நிக்காது," என்றார்.

சரியாக இருக்கிற தாளில் 'அச்சிடலாம்' என்று எழுத வேண்டும். எழுதவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். முத்தையா மையை மூடிவைத்தார்.

12 செப்டம்பர், திங்கள்

காலையில் அப்பா வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பத்திரிகைப் புரூஃபை அவர் முன்னால் வைத்தேன்.

"என்னம்மா, கையெழுத்துப் போடலையாமே. முத்தையா சொன்னான். தப்பு இருக்கா?"

"தப்பு இல்லப்பா."

"அப்புறம்?"

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

பேப்பரை மடித்தார். "மறுபடி அந்த நம்பரா? அதான் தங்கச்சி சொல்லிருச்சே."

"நம்பர் இல்லப்பா. நம்பர் என்னவா இருந்தாலும் எனக்கு வேண்டாம். நான் சென்னைக்குப் போகணும்."

"மாப்பிள்ளை மேல ஏதாவது..."

"ஒண்ணும் இல்ல. நல்லவரு."

அவர் யோசிப்பது தெரிந்தது. ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய்ப் பார்க்கிறார் என்று தோன்றியது. "நீ அந்த நம்பரை வகுத்தது..." என்று தொடங்கி நிறுத்தினார். "அது பகா எண்ணான்னு பாக்க இல்ல."

"பாக்கத்தான்பா. பகா எண்ணா இல்லாம இருக்கணும்னு."

"வகுபடாம போயிருந்தா?"

"வகுபடலைன்னுதான் சொல்லியிருப்பேன்."

"சொல்லிட்டு, கழுத்தை நீட்டியிருப்பியா?"

தெரியவில்லை என்றே சொன்னேன்.

அப்பா புரூஃபை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனார். செருப்பை மாட்ட மறந்து, வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். சமையலறையில் அம்மா அழுகிற சத்தம் கேட்டது. நான் போனதும் நிறுத்திவிட்டு, "என்கிட்ட பேசாத," என்றாள்.

13 செப்டம்பர், செவ்வாய்

அக்டோபர் தாள்கள் வந்தன. பார்த்து அனுப்பினேன்.

14 செப்டம்பர், புதன்

காலை ஏழு மணிக்கு அப்பா காரை எடுத்தார். "விருதுநகருக்குப் போறேன். போன்ல சொல்ற விஷயம் இல்ல இது."

நானும் வருகிறேன் என்றேன்.

"நீ எதுக்கு? உன்னை நாலு வார்த்தை சொல்லுவாக."

"சொல்லட்டும்பா. நான்தானே வேண்டாம்னு சொன்னது."

மண்டி வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மாடிக்கு அழைத்துப் போனார்கள். அத்தையின் தம்பியும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, "தங்கச்சி, ஒரு விஷயம்..." என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை.

நான் சொன்னேன். "அத்தை, உங்க மேலயோ அவர் மேலயோ குறை எதுவும் இல்ல. எனக்குச் சென்னையில ஆராய்ச்சிக்கு இடம் கிடைச்சிருக்கு. அஞ்சு வருஷம். நான் அதுக்குப் போறேன். இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம். இதை நீங்க முதல் தடவை வந்தப்பவே சொல்லியிருக்கணும்."

அத்தை அப்பாவைத்தான் பார்த்தார். "மண்டி ஆளுகளுக்கெல்லாம் வேட்டி எடுத்தாச்சு அண்ணே."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"படிக்கவச்சா இப்படித்தான்," என்றார் தம்பி மனைவி.

"நீ சும்மா இரு," என்றார் அத்தை. பிறகு என்னிடம், "அன்னைக்குப் பக்கத்துல உக்காந்து ரெண்டு நம்பர்னு சொன்னியே கண்ணு. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? நான் பாட்டுக்கு வாயெல்லாம் பல்லாப் பேசிக்கிட்டு இருந்தேன்."

சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு வெளியே வரவில்லை.

சௌந்தர் கீழே கார் வரை வந்தார். கால்குலேட்டரைத் திருப்பிக் கொடுத்தேன். வைத்துக்கொள்ளச் சொல்வார் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டார். "மண்டிக்கு ஆகும்," என்றார். பிறகு, "மாடியில வச்சு ஒரு தடவை மெட்ராஸ் பத்திக் கேட்டீங்க. எங்கம்மாகிட்ட கேக்கணும்னு சொன்னேன். நான் கேக்கவே இல்ல," என்றார். இதை என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

தபால் ஆபீஸ் பக்கம் காரை நிறுத்தச் சொன்னேன். சம்மதக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அப்பா காரிலேயே இருந்தார்.

திருத்தங்கல் தாண்டுவதற்கு முன்னால் ஒரு டீக்கடையில் அவரே நிறுத்தினார். இரண்டு டீ சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்தோம். தீப்பெட்டிக் கட்டு ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அப்பா டீயைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் குடிக்காமல் இருந்தார்.

"அவுக வீட்டுல நாலு பேர் முன்னால நின்னு சொன்ன. குரல்கூட நடுங்கல."

நான் என் டீயைக் குடித்து முடித்தேன்.

"எங்கிட்ட சொல்றதுக்கு மட்டும் எதுக்கும்மா ஒரு நம்பர் வேண்டியிருந்துச்சு?"

"நம்பர்னா நீங்க நம்புவீங்க."

"உன்னை நம்பித்தானே நம்பரை நம்புனேன்."

"உங்களுக்குப் பிடிக்காததை நான் இதுவரைக்கும் சொன்னதே இல்லப்பா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அப்பா டீயைக் குடித்தார். ஆறிப்போயிருக்கும். டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "நானும் உன்கிட்ட கேட்டதே இல்ல. தேதியத்தான் கேட்டேன்."

பிறகு என் டம்ளரைப் பார்த்தார். காலியாக இருந்தது.

"இன்னொண்ணு குடிக்கிறியா?" என்று கேட்டார். பதில் வரும்வரை காத்திருந்தார்.

குடிக்கிறேன் என்றேன்.